"அருமை" என்ற சொல்லுக்குக் கொஞ்ச நாள் விடுப்புக் கொடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. விருப்பக்குறி போட்டுவிட்டு நகர்பவர்கள் இப்போதே போட்டுவிட்டு நகரலாம், எனக்கு வருத்தமில்லை. முழுதாகப் படிப்பவர்களோடு சண்டை போடத்தான் வந்திருக்கிறேன்.

வலைப்பூக்களுக்கு நாம் எழுதும் மதிப்புரை பற்றிய சண்டை. அதாவது, மதிப்புரை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்றைப் பற்றி.

தமிழில் வலைப்பூ வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. 2003இல் விரல்விட்டு எண்ணும்படி சிலர் தொடங்கினார்கள். "வலைப்பூ" என்ற அழகான சொல்லைத் தந்தவர் மணி மணிவண்ணன். 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கியதும் சிதறிக் கிடந்தவர்கள் ஒரு திண்ணைக்கு வந்து சேர்ந்தார்கள். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள், இல்லத்தரசிகள், ஓய்வுபெற்றவர்கள் எல்லாரும் எழுதினார்கள். பத்திரிகை ஆசிரியரின் தயவு இல்லாமல் சாதாரண மனிதர்கள் இத்தனை பேர் தமிழில் எழுதிய காலம் அதற்கு முன் இருந்ததில்லை. அந்தப் பெருமையில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் இத்தனை எழுதியதில், ஒருவருடைய வலைப்பூவை எடுத்து உட்கார்ந்து படித்து, இவர் நடை இப்படி இருக்கிறது, பக்கம் இப்படி அமைந்திருக்கிறது, இதைத் தேடி ஒருவன் மறுபடி வருவானா மாட்டானா என்று சொன்ன கட்டுரைகள் எத்தனை? நீங்களே யோசித்துப் பாருங்கள். எனக்கு இரண்டு கை விரலே அதிகம்.

தமிழ்மணத்தில் ஓட்டுப்பட்டை என்று ஒன்று இருந்தது. புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: பதிவின் அடியில் ஒரு பட்டை இருக்கும், பிடித்திருந்தால் ஓட்டுப் போடலாம், ஓட்டு ஏறினால் பதிவு முன்னால் தெரியும். நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு. நம் ஆட்கள் அதை என்ன செய்தார்கள்? பின்னூட்டத்தில் "அருமை, த.ம. 3" என்று எழுதினார்கள். த.ம. என்றால் தமிழ்மணம். மூன்றாவது ஓட்டு நான் போட்டது, கணக்கில் வைத்துக்கொள், நாளை என் பதிவுக்கு நீ வரவேண்டும் என்று அர்த்தம். பழைய வலைப்பூ எதையாவது திறந்து பாருங்கள், பின்னூட்டப் பகுதி முழுக்க த.ம. வரிசை எண்ணாகத்தான் இருக்கும். பதிவில் என்ன எழுதியிருந்தது என்பதற்கான தடயமே சில இடங்களில் கிடைக்காது.

இதற்கு நம் பக்கத்தில் பெயர் உண்டு. மொய். காதுகுத்துக்கு நீ 501 எழுதினால் உன் வீட்டுச் சடங்குக்கு நான் 501, முடிந்தால் 601. நோட்டுப் போட்டு எழுதிவைப்போம். மொய் தப்பில்லை. அது நம்மிடம் இருக்கும் நல்ல வட்டியில்லாக் கடன் முறை. ஆனால் மொய் எழுத வந்தவன் சாம்பாரில் உப்பில்லை என்று சொல்லமாட்டான். சொல்லவும் கூடாது. சமையல்காரர் மட்டும் கடைசிவரை தன் சாம்பாரில் உப்பு சரியாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். தமிழ் வலைப்பூவுக்கு நேர்ந்தது இதுதான்.

மொய் வேண்டாம் என்றவர்கள் வேறொன்றைப் பிடித்தார்கள். கும்மி. பெயரில்லா ஆசாமிகள் கூட்டமாக வந்து ஒருவருடைய சாதி, படிப்பு, குடும்பம் எல்லாவற்றையும் இழுத்து அடித்துவிட்டுப் போவார்கள். "மொக்கை" என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதுவார்கள். எத்தனையோ பெண்கள் இதனால்தான் எழுதுவதை நிறுத்தினார்கள். "அருமை"யும் "மொக்கை"யும் எதிரெதிர் போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் பதிவைப் படிக்க வேண்டிய தேவை இல்லை. அந்த வகையில் இரண்டும் அண்ணன் தம்பி.

நடுவில் ஒரு நல்ல முயற்சியும் நடந்தது. வலைச்சரம். 2007இல் சிந்தாநதி என்ற பதிவர் தொடங்கினார். பிறகு மதுரை சீனா பல ஆண்டுகள் பொறுப்பாக நடத்தினார். வாரம் ஒரு பதிவரிடம் பொறுப்பைக் கொடுப்பார்கள். அந்த வாரம் முழுக்க அவர் தமக்குப் பிடித்த மற்ற வலைப்பூக்களை அறிமுகம் செய்வார். அந்த வாரத்துக்கு அவர் பெயர் "ஆசிரியர்". அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது, மறைக்கவில்லை. ஒரு சம்பளமும் இல்லாமல், ஒரு வாரம் விடாமல் ஆள் பிடித்து, நினைவூட்டி, வரவேற்று, வழியனுப்பி அதை நடத்துவது லேசான காரியமில்லை. சீனா ஐயாவின் உழைப்பை யாராவது குறைத்துப் பேசினால் நான் முதல் ஆளாகச் சண்டைக்கு வருவேன்.

ஆனால் அதிலும் நடந்தது அறிமுகம்தான், மதிப்புரை நடக்கவில்லை. ஒரே நாளில் பலரை வரிசையாக நிறுத்தி ஆளுக்கு இரண்டு வரி. "இவர் அழகாகக் கவிதை எழுதுவார், சென்று பாருங்கள்." "இவரது சமையல் குறிப்புகள் நாவில் நீர் ஊறவைக்கும்." அறிமுகப்படுத்தப்பட்டவர்கள் வந்து நன்றி சொல்வார்கள். சொல்லிவிட்டு அந்த வார ஆசிரியரின் வலைப்பூவிலும் போய் ஒரு "அருமை" வைப்பார்கள். மறுபடி மொய் நோட்டு. ஆசிரியர் என்று பெயர் வைத்தார்கள், கையில் சிவப்பு மையை மட்டும் கொடுக்கவில்லை.

சிவப்பு மையால் என்ன பயன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி. இப்போது அவள் பிள்ளையே பத்தாம் வகுப்பு. பெயர், ஊர் எல்லாம் வேண்டாம். அவளுடைய அப்பா திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வெட்டும் வேலை பார்த்தவர். அவர் இறந்த பிறகு அவரைப் பற்றித் தன் வலைப்பூவில் எழுதியிருந்தாள். 14 பின்னூட்டங்கள். அதில் 9 பேர் "அருமை" என்று எழுதியிருந்தார்கள். அப்பா செத்துப்போனதற்கு அருமை! ஒருவர் "தொடருங்கள்" என்று வேறு சொல்லியிருந்தார். எதைத் தொடர்வது?

அவள் என்னிடம் வந்து கேட்டது இதுதான்: "அய்யா, எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க. யாரும் படிச்ச மாதிரி தெரியலய்யா. நீங்க படிச்சிட்டுச் சொல்லுங்க."

படித்தேன். முதல் நான்கு பத்தியும் உலகத்து அப்பாக்கள் எல்லாருக்கும் பொருந்தும். அப்பா என்றால் ஆலமரம், அப்பா என்றால் ஏணி. ஐந்தாவது பத்தியில்தான் அவளுடைய அப்பா வருகிறார். கவாத்துக் கத்தரியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பவர். பந்தலுக்குக் கீழே அண்ணாந்தே நின்று பழகியதால் தரையில் நடக்கும்போதும் கொஞ்சம் மேலே பார்த்தபடி நடப்பவர். பந்தல் இல்லாத வெட்டவெளியில் நின்றால் தலைக்குமேல் எதையோ தொலைத்ததுபோல இருக்கிறது என்று சொன்னவர். "தாயி, மேல இருக்கற நாலையும் வெட்டிப்போடு. உங்கப்பா இருந்தா முதல்ல அதைத்தான் வெட்டியிருப்பாரு" என்றேன். கோபம் வந்தது அவளுக்கு. பத்து நாள் பேசவில்லை. பிறகு வெட்டினாள். இப்போது அந்தப் பதிவு கத்தரியில் தொடங்குகிறது. பக்கத்து ஊர்களில் இருந்து கவாத்து வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் சிலர் அவளுக்கு எழுதியிருக்கிறார்கள், எங்கள் அப்பாவும் இப்படித்தான் நடப்பார் என்று. அந்த ஒன்பது அருமைகளில் ஒன்றுகூட இதைச் செய்திருக்க முடியாது.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஊரெல்லாம் பெருமைப்பட்டோம். அந்தப் பழத்தை வெட்டி, வளைத்து, காய்க்க வைத்தவனைப் பற்றித் தமிழில் எழுதியிருப்பது எத்தனை பேர்? எழுதும் ஒருத்தியையும் "அருமை" சொல்லி ஆலமரத்தடியிலேயே உட்காரவைத்துவிட்டால் யாருக்கு நட்டம்?

சரி, ஒரு வலைப்பூவை எடுத்தால் என்னதான் பார்ப்பது? என் பழக்கத்தைச் சொல்கிறேன்.

எழுத்து என்றால் நான் முதலில் பார்ப்பது தொடக்கத்தை. "இன்றைய அவசர உலகில்" என்று ஆரம்பித்தால் எனக்கு அவசர வேலை வந்துவிடும். அடுத்து, வாக்கியத்தின் முடிவில் புள்ளி இருக்கிறதா, அல்லது எறும்பு ஊர்ந்ததுபோல மூன்று, ஐந்து, ஒன்பது புள்ளிகள் இருக்கின்றனவா. ஆச்சரியக்குறி மூன்று சேர்ந்து நின்றால் அங்கே ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று பொருள். பிறகு பொன்மொழி. அப்துல் கலாம் சொல்லாததை எல்லாம் அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். பாவம், அவரும் ஆசிரியர் வேலையை விரும்பியவர். ஒற்றுப்பிழையைக் கடைசியில்தான் பார்ப்பேன். தமிழய்யா என்றால் ஒற்றுப்பிழை பார்ப்பவர் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஒற்றுத் தவறினால் திருத்திக்கொள்ளலாம். சொல்ல ஒன்றுமில்லாமல் எழுதியதை எந்த இலக்கணம் திருத்தும்?

வடிவமைப்பைப் பற்றி நம் ஆட்கள் பேசுவதே இல்லை. அது கணினிக்காரர் வேலை என்று விட்டுவிட்டார்கள். இல்லை ஐயா, அது படிப்பவனுக்குச் செய்யும் உபசாரம். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, தலைப்பில் ரயில் மாதிரி ஓடும் வாசகம், பக்கம் திறந்ததும் கேட்காமலே பாடும் பாட்டு, மேலிருந்து உதிரும் பூ, ஓரத்தில் நீந்தும் மீன், எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் கொடிப் பெட்டி. திருவிழாக் கடைத்தெரு தோற்றது. இவ்வளவுக்கும் நடுவில் கட்டுரை எங்கே என்று தேட வேண்டும்.

தமிழ் எழுத்துக்கென்றே சில தேவைகள் உண்டு. நம் எழுத்தில் மேல்விலங்கு உண்டு, கீழ்விலங்கு உண்டு. வரிக்கு வரி இடைவெளி போதாவிட்டால் மேல்வரியின் "கூ"வும் கீழ்வரியின் "கீ"யும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்துக்கென்று செய்த வார்ப்புருவை அப்படியே எடுத்துப் போட்டால் இதுதான் நடக்கும், இடைவெளியைக் கொஞ்சம் கூட்டவேண்டும். அதேபோல இருபுறமும் ஓரத்தைச் சமன் செய்வது. புத்தகத்தில் அழகு. செல்பேசியின் குறுகிய திரையில், நம் நீளமான சொல் ஒன்று அடுத்த வரிக்குத் தாவிவிட்டால், மிஞ்சிய இரண்டு சொல்லும் ஆளுக்கொரு கரையில் நிற்கும், நடுவே பெரியாறு ஓடும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும். ஒருங்குறிக்கு மாறாமல் திஸ்கியிலும் பாமினியிலும் விட்டுவைத்த பழைய பக்கங்கள் இன்று கோழி கிளறியது போலக் கிடக்கின்றன. அவற்றில் நல்ல எழுத்தும் இருந்தது, போயிற்று.

இன்னொரு வியாதி, வலது பொத்தானைப் பூட்டிவைப்பது. யாரும் திருடக்கூடாதாம். திருடுகிறவனுக்கு அது ஒரு நிமிட வேலை. படிக்கிறவன்தான் ஒரு சொல்லை எடுத்து அகராதியில் பார்க்க முடியாமல், ஒரு வரியை எடுத்து மதிப்புரையில் காட்ட முடியாமல் திண்டாடுவான். அப்புறம், பதிவுக்குத் தேதி வையுங்கள். "கடந்த வாரம் பெய்த மழையில்" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வாரம்? எந்த வருடம்?

மூன்றாவது, ஈர்ப்பு. இதைத்தான் ஆட்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். வருகையாளர் எண்ணிக்கையை ஈர்ப்பு என்கிறார்கள். பேருந்து நிலையத்துக்கும்தான் தினம் ஆயிரம் பேர் வருகிறார்கள். ஈர்ப்பு என்றால், இந்த விஷயத்துக்கு இவரிடம்தான் போகவேண்டும் என்ற நிலை. தஞ்சாவூர் முனைவர் பா. ஜம்புலிங்கத்தின் "சோழ நாட்டில் பௌத்தம்" வலைப்பூவைத் திறந்து பாருங்கள். மீன் நீந்தாது, பூ உதிராது. தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அலுவலகப் பணி பார்த்துக்கொண்டே சோழ நாட்டு வயல்களிலும் குளக்கரைகளிலும் புத்தர் சிலைகளைத் தேடி அலைந்தவர். எந்த ஊர், எப்போது போனோம், யார் கூட வந்தார்கள் என்று பதிந்துவைத்திருக்கிறார். அதை வேறு யாரும் நமக்குச் சொல்ல முடியாது. நியூசிலாந்திலிருந்து துளசி கோபால் எழுதும் "துளசிதளம்" இன்னொரு வகை. கோயில் கோயிலாகப் போய், பக்கத்து வீட்டு அக்கா பேசுவதுபோலப் பேச்சு நடையில் எழுதுவார். எனக்கு அந்த நடையில் சில மனத்தாங்கல் உண்டு, படங்கள் அதிகம் என்றும் நினைக்கிறேன். ஆனாலும் பெயரை மறைத்துவிட்டு ஒரு பத்தியைக் காட்டினால் யாருடையது என்று சொல்லிவிடுவேன். நடை என்றால் அதுதானே?

நம் பள்ளத்தாக்கில் விடிவதற்கு முன்பே ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏலத்தோட்ட வேலைக்கு மலை ஏறிப் போகிறார்களே பெண்கள், கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும், அந்த ஜீப்புக்குள்ளிருந்து ஒரு வலைப்பூ வந்தால் அதற்கு முன்னால் என் பிள்ளைத்தமிழ்க் கட்டுரைகள் எல்லாம் நிற்குமா? அப்படி ஒன்று இருந்து என் கண்ணில் படவில்லை என்றால் தயவுசெய்து சொல்லுங்கள்.

இனி, எல்லாருக்கும் கோபம் வரப்போகிற பகுதி.

நம் ஊருக்கு இது வெறும் இலக்கியப் பிரச்சினை இல்லை. பென்னிகுயிக்கை எடுத்துக்கொள்வோம். சனவரி 15 அவர் பிறந்தநாள், நம் பள்ளத்தாக்கில் அவருக்குப் பொங்கல் வைக்கிறோம். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. அவர் இல்லாவிட்டால் இந்த வயல் இல்லை, நான் இல்லை. 1887இல் வேலை தொடங்கி 1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் திறந்துவைத்த அணை அது. காய்ச்சலிலும் வெள்ளத்திலும் எத்தனையோ தொழிலாளர்கள் செத்து எழுந்த அணை.

இந்தக் கதையில் எப்போதோ ஒரு வரி ஏறியது: பணம் போதாமல் இங்கிலாந்தில் இருந்த தன் சொத்துகளை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்று. வலைப்பூக்களில் அதைப் படித்தேன். ஒருவர் எழுதினார், இன்னொருவர் எடுத்துப் போட்டார், மூன்றாமவர் மனைவியின் நகையையும் சேர்த்தார். நான் படித்த அத்தனை பதிவுகளிலும் இந்தத் தகவல் எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று எழுதியவர் ஒருவருமில்லை. அடியில் வரிசையாக "கண்ணீர் வந்துவிட்டது", "அருமையான தகவல்". "எங்கே பார்த்தீர்கள் ஐயா?" என்று ஒரு பின்னூட்டம் இல்லை. அணை சென்னை மாகாண அரசு தன் பொதுப்பணித் துறையை வைத்து, தன் செலவில் கட்டிய திட்டம். அந்த வேலையிலேயே இருந்த பொறியாளர் மெக்கன்சி சில ஆண்டுகளில் அதன் வரலாற்றைத் தனி நூலாக எழுதி, அது அச்சில் வந்திருக்கிறது. அதைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. 2021இல் மதுரையில் நூலகம் கட்ட இடம் பார்த்தபோது, அது பென்னிகுயிக் வாழ்ந்த வீடு என்று ஒரு சர்ச்சை கிளம்பியது நினைவிருக்கும். அந்தக் கட்டடம் அவர் இறந்த பிறகு கட்டப்பட்டது என்று அரசு விளக்கம் சொல்லவேண்டி வந்தது.

சொத்தை விற்காவிட்டால் பென்னிகுயிக் குறைந்துபோவாரா? மேற்கே ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்பிய மனிதனுக்கு நம்முடைய அலங்காரம் எதற்கு? அணை பற்றி இரண்டு மாநிலத்துக்கும் வழக்கு நடந்த நாடு இது. நாளைக்கு எதிர்த்தரப்பு ஆள், "உங்கள் கதைகளில் எது ஆவணம், எது அலங்காரம்?" என்று கேட்டால் வலைப்பூவையா காட்டுவீர்கள்? முதல் பதிவுக்கு முதல் பின்னூட்டமாக ஒரு கேள்வி விழுந்திருந்தால் போதும், அந்த வரி அங்கேயே நின்றிருக்கும்.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. பக்கத்து ஊர் இலக்கிய அமைப்பு ஒன்று (பெயர் தேவையில்லை, இதைப் படிக்கும்போது அவர்களுக்கே தெரியும்) சிறந்த வலைப்பூவுக்குப் பரிசு தருவதாக என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். எழுத்துக்கு 40, வடிவமைப்புக்கு 30, ஈர்ப்புக்கு 30. ஐந்து வலைப்பூக்கள். மூன்று வாரம் உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் எழுதினேன், எந்தப் பதிவில் எந்தப் பத்தி என்று குறித்து. ஒருவருக்கு 46 போட்டிருந்தேன். பாதிக்கு மேல் வேறு இடத்திலிருந்து எடுத்துப் போட்டது, அதையும் எங்கிருந்து என்று குறித்திருந்தேன். மேடையில் அது 86 ஆகி முதல் பரிசு வாங்கியது. ஒரு நாலை எட்டாக்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் எழுதிய பத்துப் பக்கத்தையும் கேட்டபோது, "அதெல்லாம் எதுக்குங்கய்யா, மனசு கஷ்டப்படும்" என்றார்கள். மற்ற நால்வருக்கும் அது போய்ச் சேரவே இல்லை. அந்த நால்வரில் ஒருவர் உண்மையிலேயே நன்றாக எழுதுகிறவர். அவரிடம் நன்றாக இருக்கிறது, ஆனால் இன்ன இடத்தில் சறுக்குகிறது என்று சொல்லும் ஒரே தாள் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் தூங்குகிறது.

"இலவசமாக எழுதுகிறார்கள், ஆர்வத்தைக் கெடுக்காதீர்கள்" என்பார்கள். 34 ஆண்டு கட்டுரை நோட்டுத் திருத்தியவன் நான். சிவப்பு மையைப் பார்த்துப் படிப்பை விட்ட பிள்ளை ஒன்றுகூட நினைவில் இல்லை. "பார்வையிடப்பட்டது" என்று ஒரு கையெழுத்து மட்டும் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் பிள்ளைகள் முகம் விழும். ஒரு பக்கம் முழுக்கத் திருத்தியிருந்தால், அய்யா நம்ம நோட்டை முழுசாப் படிச்சிருக்காரு என்று மற்றவனிடம் காட்டுவார்கள். "அருமை" என்பது பெரியவர்களுக்குப் போடும் பார்வையிடப்பட்டது.

"நீங்கள் யார் மதிப்பிட?" இதையும் கேட்டார்கள். வாசகன். அதற்குமேல் தகுதி வேண்டுமா? சாப்பிட்டவன் உப்பில்லை என்று சொல்ல, சமையல் பட்டயம் காட்ட வேண்டுமா?

நம் மண்ணுக்கு இது புதிதுமில்லை. சி.சு. செல்லப்பாவின் பெயரில் இருக்கும் முதல் "சி" எந்த ஊர் என்று நம் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறீர்களா? சின்னமனூர். இங்கிருந்து கூப்பிடு தூரம். வளர்ந்தது வத்தலக்குண்டு. 1959இல் கைக்காசைப் போட்டு "எழுத்து" பத்திரிகையைத் தொடங்கியவர். விமர்சனத்துக்கு அப்படி இடம் கொடுத்த பத்திரிகை அதற்குமுன் தமிழில் அபூர்வம். ஒரு கதையை எடுத்தால் வரி வரியாகப் பிரித்துப் பார்ப்பார். நண்பர்களோடு கருத்து மோதல் வந்தது, சந்தா குறைந்தது, நட்டம் வந்தது. அசையவில்லை. புத்தகத்தைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். 1970 வரை நடத்தினார். சாகித்திய அகாதெமி விருது அவர் இறந்த பிறகுதான் வந்தது. அவர் காலத்தில் அச்சடிக்கக் காசு வேண்டும், தபால்தலை வேண்டும். நமக்கு எதுவும் வேண்டாம், கட்டைவிரல் போதும். அந்தக் கட்டைவிரலை வைத்து நாம் செய்வது மொய்.

"வலைப்பூவே செத்துப்போச்சு, இப்போ எதுக்கு இந்தப் பேச்சு?" என்று ஒரு தம்பி கேட்டார். தமிழ்மணம் ஓய்ந்தது, வலைச்சரம் நின்றது, எல்லாரும் முகநூலுக்கு வந்துவிட்டோம், உண்மைதான். நானே இதை முகநூலில்தான் எழுதுகிறேன். ஆனால் போன ஆடியில் நீங்கள் இங்கே எழுதிய பதிவை இப்போது தேடி எடுத்துக் காட்டுங்கள் பார்ப்போம். நேற்றைய வாழையிலை போல அது எங்கோ போய்விட்டது. 2009இல் எழுதிய வலைப்பூப் பதிவு இன்றும் அதே முகவரியில் இருக்கிறது. எழுதியவர் இறந்துபோன பிறகும் இருக்கிறது. காசு கட்டிச் சொந்தப் பெயரில் தளம் வைத்திருந்தவர்களுடையதுதான், புதுப்பிக்க ஆளில்லாமல் மறைந்துபோகிறது. வயதானவர்கள் கடவுச்சொல்லைப் பிள்ளைகளிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பத்திரப் பதிவுக்கு ஓடுகிறோம், இதற்கு ஒரு துண்டுச் சீட்டு போதும்.

ஆகவே ஒன்று செய்யலாம் என்றிருக்கிறேன். தேனி மாவட்டத்துக்காரர்கள், அல்லது இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதுகிறவர்கள், உங்கள் வலைப்பூ முகவரியை உள்பெட்டியில் அனுப்புங்கள். மாதம் மூன்று எடுத்துக்கொள்கிறேன், அதற்குமேல் என் கண் தாங்காது. குறைந்தது இருபது பதிவுகளைப் படித்துவிட்டுத்தான் எழுதுவேன். நடை, பக்க அமைப்பு, ஏன் வரவேண்டும் என்ற மூன்றையும் சொல்வேன், எந்தப் பதிவில் எந்தப் பத்தி என்று காட்டுவேன். உங்கள் குடும்பம், சாதி, கட்சி எதுவும் அதில் வராது. முதலில் உங்களுக்குத் தனியாக அனுப்புவேன், பொதுவில் போடலாம் என்று நீங்கள் சொன்னால் மட்டும் போடுவேன். நான் எழுதியதில் தப்பு இருந்தால் நீங்கள் எனக்குப் பதில் எழுதலாம், அதையும் பக்கத்திலேயே போடுவேன். மதிப்பெண் கிடையாது. நாலை எட்டாக்கும் வேலை யாருக்கும் மிச்சமில்லை.

ஏற்கெனவே இருவர் அனுப்பிவிட்டார்கள். ஒருவர் போடி ஏல வியாபாரம் பற்றி எழுதுகிறார். விலை ஏறி இறங்குவதை அவ்வளவு விவரமாக எழுதுகிறவர், பக்கத்தைக் கரும்பச்சையில் அடித்து அதன்மேல் சிவப்பில் எழுதியிருக்கிறார். அவரோடுதான் முதலில் ஆரம்பிக்கப் போகிறேன். மூன்றாவது இடம் காலியாக இருக்கிறது.

இந்தப் பதிவின் கீழே "அருமை அய்யா" என்று எழுதுகிறவர்களின் பின்னூட்டத்தை நீக்கிவிடுவேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன். எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் எந்தப் பத்தி, எந்த வரி என்று குறித்து எழுதுங்கள்.